வாஷிங் மெஷினும் டிரையரும்: எது பழுது, எது ஆயுள் முடிவு? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழுது பார்ப்பது என் தொழில் இல்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஸ்குரூ டிரைவரோடு போய்வந்ததில் படிந்த அனுபவம் இது. போன இடத்தில் எல்லாம் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். "ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது?" என்பது ஒன்று. "எட்டு வருடம் ஆகிவிட்டதே, ஆயுள் முடிந்துவிட்டதா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இருந்தாலும் ஒரு கணக்கை முதலிலேயே போட்டுவிடுவோம். மெஷினின் வயதை ஆண்டுகளில் அளக்காமல், எத்தனை முறை துவைத்தது என்று அளந்து பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய மின்சிக்கன முத்திரை, ஒரு வீட்டில் ஆண்டுக்கு 220 முறை துவைப்பார்கள் என்று வைத்துக்கொண்டு மின்செலவைக் கணக்கிட்டது. அந்த வேகத்தில் 10 ஆண்டுக்கு 2,200 முறை. தினமும் ஒரு தடவை ஓட்டும் வீட்டில் அதே 2,200 முறை ஆறே ஆண்டில் முடிந்துவிடும். வாரம் இரண்டு தடவை ஓட்டுபவருக்கு 21 ஆண்டு ஆகும். மெஷினுக்கும் டிரையருக்கும் 10 முதல் 13 ஆண்டு என்று பொதுவாகச் சொல்வது நடுத்தரமான உழைப்புக்கு உரிய கணக்கு. தினமும் இரண்டு நடை ஓட்டிவிட்டு ஆறாம் ஆண்டில் பேரிங் (டிரம்மின் அச்சைத் தாங்கும் குண்டு வளையம்) போனால் மெஷினைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

## கை வைக்கும் முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆறும் வரை காத்திருங்கள். பின்மூடியைக் கழற்றினால் கெப்பாசிட்டர் என்னும் உருளையைத் தொடாதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எதில் செருகியிருந்தது என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

## அறிகுறி: தண்ணீர் வெளியேறவில்லை

நான் பார்த்ததிலேயே அதிகமான புகார் இது. செலவே இல்லாமல் தீர்வதும் பெரும்பாலும் இதுதான்.

### பம்பு உறுமுகிறது, ஆனால் தண்ணீர் போகவில்லை

ஃப்ரண்ட் லோடு மெஷினாக இருந்தால் முன்பக்கம் அடியில், மூலையில் ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள்தான் வடிகட்டி. தட்டையான தட்டு ஒன்றையும் பழைய துண்டு இரண்டையும் அடியில் வைத்துக்கொண்டு மெல்லத் திருகுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் தரை குளமாகும்.

அதிலிருந்து வருபவை ஒரு வீட்டின் வரலாறு: நாணயம், கொண்டை ஊசி, சட்டைப் பொத்தான், பல் குத்தும் குச்சி, கூழாகிப் போன காகிதம். பக்கத்து வீட்டு அக்கா ஒன்பது வயது மெஷினைத் தள்ளிவிட முடிவு செய்து புதியதற்கு விலையும் விசாரித்துவிட்டார். வடிகட்டியைத் திருகி இழுத்தேன். குழந்தையின் காலுறை ஒன்று, விரல் நீளம்கூட இல்லாதது, கறுத்துக் குழகுழவென்று கூடவே வந்தது. அந்தக் குழந்தை அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அத்தனை ஆண்டும் அந்தக் காலுறை எங்கோ ஒதுங்கிக் கிடந்து, பிறகு பம்பு வாயில் வந்து அடைத்திருக்கிறது.

வடிகட்டியைக் கழுவிய பிறகு டார்ச் அடித்து அந்தக் குழிக்குள் பாருங்கள். உட்புறம் சிறு விசிறி ஒன்று தெரியும். ஒரு குச்சியால் அதைத் தள்ளுங்கள். விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கிச் சுற்றினால் நல்லது. உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும். தடையே இல்லாமல் வழுவழுவென்று சுழன்றாலோ பக்கவாட்டில் ஆடினாலோ விசிறி அச்சிலிருந்து கழன்றிருக்கிறது. பம்பையே மாற்ற வேண்டியதுதான். மலிவான பாகம்தான், கவலை வேண்டாம்.

### பம்பு ஓசையே இல்லை

பம்பில் செருகியுள்ள ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பம்பின் இரு முனைகளுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். எதையுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. அளவு சரியாக இருந்தும் பம்பு ஓடவில்லை என்றால் மின்சாரம் அனுப்பும் பலகையில் கோளாறு. அங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

### நிரம்பும்போதே வடிந்துவிடுகிறது

பிழை மெஷினில் இல்லை. வெளியேற்றும் குழாயில் இருக்கிறது. அதன் முனை தரையில் கிடந்தால் தண்ணீர் தானாகவே இறங்கிவிடும். பல மாடல்களில் அந்த முனை தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்துக்கு ஏறி வளைய வேண்டும். சுவர்க் குழாய்க்குள் ஆழமாகத் திணித்துக் காற்றுப் புகாமல் அடைத்தாலும் இதே தொல்லை வரும். அங்கே கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் மெஷின்கள் பலவற்றில் பம்பே கிடையாது. ஒரு ரப்பர் அடைப்பான் மேலெழும், தண்ணீர் தானாக இறங்கும். அடைப்பானில் நூலோ முடியோ சிக்கினால் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருக்கும். திறந்து துடைத்தால் சரியாகிவிடும்.

## அறிகுறி: பிழியும்போது ஆட்டமும் சத்தமும்

மெஷின் பிழைக்குமா பிழைக்காதா என்பது பெரும்பாலும் இங்கேதான் தெரியும். ஆகவே அவசரப்படாமல் பாருங்கள். எல்லாச் சத்தமும் ஒரே சத்தம் அல்ல.

### மெஷின் குதிக்கிறது, இடம்பெயர்கிறது

முதலில் உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். தனியாக ஒரு கனத்த போர்வை, தண்ணீரைக் குடித்துக் கொண்டு ஒரே பக்கம் உருண்டு நின்றால் எந்த மெஷினும் குதிக்கும். கூட நாலு துண்டுகளைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

புதிதாக வாங்கியது அல்லது வீடு மாற்றிக் கொண்டுவந்தது என்றால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பயணத்தில் டிரம் ஆடாமல் இருக்க நீண்ட போல்ட்டுகளை முடுக்கி அனுப்புவார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டுகிற வீடுகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

அடுத்து நான்கு கால்கள். மேல்மூடியின் எதிரெதிர் மூலைகளில் கை வைத்து அமுக்குங்கள். தடக்கென்று ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை. காலைத் திருகிச் சரிசெய்த பின், அதன் மேலுள்ள நட்டையும் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதத்தில் பழைய கதையே.

இவை எல்லாம் சரி, இன்னும் குதிக்கிறது என்றால் டிரம்மைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்களைச் சோதியுங்கள். டிரம்மைக் கையால் கீழே அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் நலம். இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினால் அவை தேய்ந்துவிட்டன. டாப் லோடில் இதே வேலையைச் செய்பவை நான்கு மூலைகளிலும் தொங்கும் கம்பிகள். ஒன்று மட்டும் போயிருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

### விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல்

வேகம் ஏற ஏற இரைச்சலும் ஏறுகிறது, பக்கத்து அறைத் தொலைக்காட்சி கேட்கவில்லை என்றால் பேரிங். டிரம்மின் அச்சைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் கசிந்து பேரிங்குக்குள் போகிறது. கிரீஸ் கழுவிப்போய் எஃகு குண்டுகள் துருப்பிடிக்கின்றன. பிறகு இரைச்சல் தொடங்குகிறது. மூன்று சோதனைகளில் உறுதி செய்யலாம்.

ஒன்று: மெஷின் காலியாக இருக்கும்போது டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றிக் காது கொடுங்கள். நல்ல பேரிங் பேசாது. கெட்டது, மணலை அரைப்பதுபோல் கரகரக்கும்.

இரண்டு: டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். டிரம்மும் அதைச் சூழ்ந்த பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்து எழுந்தால் கவலையில்லை. அது ஸ்பிரிங்கின் வேலை. தொட்டி அப்படியே நிற்க உள்ளே இருக்கும் டிரம் மட்டும் 'டக் டக்' என்று ஆடினால் பேரிங் போய்விட்டது. இந்த வித்தியாசத்தைக் கை ஒரு முறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது.

மூன்று: பின்மூடியைத் திறந்து, அச்சுக்கு நேர் கீழே டார்ச் அடியுங்கள். காப்பிப் பொடி கரைந்து ஒழுகியதுபோல் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறதா? சீல் வழியாக வந்த தண்ணீர் துருவோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இங்கே மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் வேண்டும். பேரிங்கின் விலை அற்பம். அதை எட்டுவதற்கு மெஷினை முழுக்கப் பிரிக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த மாடலில் தொட்டி போல்ட் போட்டதா, ஒட்டியதா?" போல்ட் போட்ட தொட்டி என்றால் பிரித்துப் பேரிங்கையும் சீலையும் மாற்றலாம். ஒட்டி அடைத்த தொட்டி என்றால் தொட்டி, டிரம் எல்லாம் சேர்த்து ஒரே பாகமாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்போது விலை உறுத்தும். அறுத்துத் திறந்து திரும்ப ஒட்டித் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். சிலர் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் பிறகு ஒழுகினால் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?" என்று கேட்பார்கள். லேசான இரைச்சலோடு சில மாதம் ஓடக்கூடும். ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அச்சு தேய்கிறது. அச்சே தேய்ந்த பிறகு புதுச் சீல் போட்டாலும் தண்ணீர் நிற்காது.

### சுற்றுக்கு ஒரு முறை 'தொம்' என்கிறது

இதில் நான் ஏமாந்திருக்கிறேன். அத்தை வீட்டு மெஷின் பிழியும்போது தாளம் தவறாமல் இடித்துக்கொண்டிருந்தது. ஷாக் அப்சார்பர் என்று முடிவுகட்டி இரண்டையும் மாற்றினேன். ஒரு வாரம் அடங்கியதுபோல் தோன்றியது. மறுபடி இடித்தது. வாங்கிய பாகம் மட்டம் என்று நினைத்து மறுபடியும் மாற்றினேன். பிறகு ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து டிரம்மைக் கையால் சுற்றிக்கொண்டே வாசல் ரப்பரை உற்றுப் பார்த்தேன். டிரம் விளிம்புக்கும் ரப்பருக்கும் இடையே ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறுபக்கம் டிரம் ரப்பரை உரசியது. டிரம் வளைந்து வளைந்து சுற்றுகிறது! டிரம்மின் பின்னால் மூன்று கைகள் விரித்த ஓர் உலோகத் தாங்கி இருக்கும். மெக்கானிக்குகள் ஸ்பைடர் என்பார்கள். அதில் ஒரு கை விரிசல் விட்டு விலகியிருந்தது.

இந்தத் தாங்கி பெரும்பாலும் அலுமினியக் கலவை, டிரம்மோ எவர்சில்வர். இரண்டும் காரமான சோப்புத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படும். அளவுக்கு மீறிய சோப்பு, பிளீச், ஈரத்தோடு மூடிய கதவு மூன்றும் அதை விரைவுபடுத்தும். தாங்கி உடைந்த மெஷினை ஓட்டவே கூடாது. முழு வேகத்தில் டிரம் கழன்றால் தொட்டியையே கிழித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லுங்கள்.

### கிணுகிணுப்பு, உரசல்

நாணயமோ உள்ளாடைக் கம்பியோ டிரம்முக்கும் தொட்டிக்கும் இடையே போயிருக்கும். வடிகட்டிக் குழியில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் ஹீட்டரைக் கழற்றி அந்தத் துவாரம் வழியாக எடுக்க வேண்டும். கம்பி வைத்த துணிகளை வலைப்பையில் போட்டுத் துவைத்தால் இந்த வேலையே இல்லை.

## அறிகுறி: தண்ணீர் நிறைகிறது, டிரம் சுற்றவில்லை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றுங்கள். விடை அங்கேயே பாதி கிடைத்துவிடும்.

### காற்றாடிபோல் இலகுவாகச் சுற்றுகிறது

பெல்ட் கழன்றிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. பின்மூடியைத் திறந்தால் கண்ணில் படும். பழைய பெல்ட்டின் மேல் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணில் வாங்குங்கள். "கிட்டத்தட்ட இதே நீளம்" என்று கடையில் தருவதை வாங்காதீர்கள். பெல்ட் இல்லாத நேரடி மோட்டார் மாடல்களில் டிரம் எப்போதும் இலகுவாகத்தான் சுற்றும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

### மோட்டார் உறுமுகிறது, நகரவில்லை

டாப் லோடு, செமி ஆட்டோமேட்டிக் மாடல்களில் கெப்பாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். கையால் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறது என்றால் ஏறக்குறைய உறுதி. மலிவான பாகம், ஆனால் மின்சாரம் தேங்கியிருக்கும் பாகம். பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

### உறுமல்கூட இல்லை, அல்லது விட்டு விட்டு ஓடுகிறது

பழைய வகை மோட்டார்களில் இரண்டு கார்பன் பிரஷ்கள் இருக்கும். பென்சில் முனைபோலத் தேய்ந்துகொண்டே வரும். சென்டிமீட்டருக்கும் குறைவாக எஞ்சியிருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். புதிதில் சற்றுப் பொறி பறக்கும், கருகல் வாடையும் வரும், படிந்ததும் நின்றுவிடும். "மோட்டார் எரிந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட மூன்று மெஷின்களை நான் பிரஷ் மாற்றியே ஓட்டியிருக்கிறேன். இன்வர்ட்டர் மோட்டாரில் பிரஷ் கிடையாது. அது நின்றுபோனால் பலகையைப் பார்க்கத் தெரிந்தவர்தான் வர வேண்டும்.

## அறிகுறி: தண்ணீர் வரவில்லை, அல்லது நிற்கவில்லை

வரவில்லை என்றால் முதலில் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்துப் பாருங்கள். பல மாடல்கள் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கின்றன. அதாவது மாடித் தொட்டியின் நீர்மட்டம் மெஷினின் வாயைவிட ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வாளியில் நன்றாக விழுகிறது, மெஷினுக்குள் மட்டும் போகவில்லை என்றால் குழாய் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு சல்லடை இருக்கும். இடுக்கியால் இழுத்து, மணலையும் உப்புப் படிவையும் பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.

நிற்கவில்லை என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, வால்வை மாற்றுங்கள். பிடுங்கியதும் நின்றால் நீர்மட்டம் பார்க்கும் சென்சாரில் குறை. அதற்குப் போகும் மெல்லிய காற்றுக்குழாய் கழன்றோ அழுக்கு அடைத்தோ இருக்கும். அதைச் சுத்தம் செய்த பிறகே சென்சார் வாங்குவது பற்றி யோசியுங்கள்.

## அறிகுறி: ஒழுகுகிறது

எங்கே ஒழுகுகிறது என்பதைவிட எப்போது ஒழுகுகிறது என்பதுதான் துப்பு. நிரம்பும்போது என்றால் உள்வரும் குழாயின் வாஷர் அல்லது அடைத்துப்போன சோப்புத் தட்டு. துவைக்கும்போது நுரையோடு என்றால் சோப்பு அதிகம், அல்லது வாசல் ரப்பரில் கிழிசல். ரப்பரின் கீழ் மடிப்பை விரித்துப் பாருங்கள், நாணயமோ ஊசியோ கீறியிருக்கும். வெளியேறும்போது என்றால் பம்பின் குழாய் இறுக்கி. பிழியும்போது பின்பக்கத்திலிருந்து என்றால் மேலே சொன்ன அச்சு சீல். அது மட்டும்தான் மெக்கானிக் வேலை.

## அறிகுறி: மெஷின் ஓடும்போது வீட்டு மெயின் விழுகிறது

ஒரு முறை விழுந்தாலே ஓட்டுவதை நிறுத்துங்கள். தண்ணீர் சூடாகத் தொடங்கும் கட்டத்தில் விழுந்தால் ஹீட்டர் பழுதாகி மெஷினின் உலோக உடலுக்கு மின்சாரம் கசிகிறது. குளிர்ந்த நீர்த் துவைப்பில் விழாமல், வெந்நீரில் மட்டும் விழுந்தால் சந்தேகமே வேண்டாம். 230 வோல்ட்டில் 2,000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம் காட்டும். ஆனால் இந்த அளவு சரியாக இருந்தாலும் கசிவு இருக்கக்கூடும். உடலுக்கும் முனைக்கும் இடையே தனியாகச் சோதிக்க வேண்டும். மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது என்றாலும் இதே பிரிவுதான். இதில் வீட்டு வைத்தியம் வேண்டாம், எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். மெயின் விழுகிறதே என்று அந்தப் பாதுகாப்புச் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

## அறிகுறி: துவைத்த துணியில் வாடை, சாம்பல் நிறத் திட்டுகள்

மெஷின் கெடவில்லை, நாம்தான் கெடுத்திருக்கிறோம். எப்போதும் குளிர்ந்த நீர், அளவில்லாத சோப்பு, மணமூட்டும் மென்மையூட்டி, துவைத்து முடித்ததும் கதவை அறைந்து மூடுவது. இந்த நான்கும் சேர்ந்து டிரம்முக்குப் பின்னால் கொழகொழவென்ற படலத்தை வளர்க்கின்றன. மாதம் ஒரு முறை துணி இல்லாமல் மிக உயர்ந்த வெப்பத்தில் ஓட்டுங்கள். சோப்புத் தட்டை உருவிக் கழுவுங்கள். வாசல் ரப்பரைத் துடைத்து, கதவைத் திறந்து வையுங்கள். குழந்தைகளும் பூனையும் உள்ள வீட்டில் ஒரு கண் இருக்கட்டும். உப்புப் படிவு நீக்கும் அமிலப் பொடியையும் பிளீச்சையும் ஒரே நடையில் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கதவு திறக்கவில்லை என்ற புகாருக்குத் தனித் தலைப்பு தேவையில்லை. ஓரிரு நிமிடம் பொறுங்கள், பூட்டு ஆறியதும் தானாக விடும். அப்போதும் விடாவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்கிறதா பாருங்கள்.

## டிரையர்: ஓடுகிறது, துணி காயவில்லை

டிரையரில் பழுது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி காற்றுத் தடைதான். சூடு இருந்தும் காற்று நகராவிட்டால் துணி அவிந்து கிடக்குமே தவிர உலராது. நான் இந்த வரிசையில் பார்ப்பேன்.

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு நடைக்கும் துடைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இது: துடைத்து வெள்ளையாகத் தெரியும் வலையைக் குழாயடியில் நீட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் வலைக்குள் இறங்காமல் தட்டில் நிற்பதுபோல் தேங்கி நின்றால், மென்மையூட்டித் தாளின் மெழுகு கண்ணுக்குத் தெரியாத தோலாக அதை அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லத் தேய்த்து, காய வைத்துப் பொருத்துங்கள்.

அடுத்து, துணி எவ்வளவு ஈரத்தோடு வந்தது? பிழியும் வேகம் குறைந்த மெஷினிலிருந்து சொட்டச் சொட்ட எடுத்துப் போட்டால் டிரையர் என்ன செய்யும்? மெஷினைச் சரிசெய்யுங்கள்.

காற்றை வெளியே தள்ளும் வகை என்றால் பின்னால் குழாய் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். டிரையரைச் சுவரோடு தள்ளும்போது பெரும்பாலும் நசுங்கிவிடுகிறது. குழாயின் ஒவ்வொரு செங்குத்து வளைவும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடை. சோதனை எளிது: குழாயைக் கழற்றிவிட்டு ஒரு சிறு நடை ஓட்டுங்கள். அப்போது காய்ந்தால் குற்றவாளி குழாய். எரிவாயுவில் ஓடும் டிரையரில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். புகை வீட்டுக்குள் வரும்.

கண்டென்சர் வகை (ஈரக்காற்றைக் குளிர்வித்துத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்ப்பது) என்றால் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, கண்டென்சரை உருவிக் குழாயடியில் கழுவுங்கள். குளிர்வாயுவைக் கொண்டு காற்றைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வகையில் அது பெரும்பாலும் உருவ வராது. தகடுகளை மென்தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். தகடு கூர்மையானது, வளையக்கூடியது. அதன் குளிர்வாயுச் சுற்றில் கை வைப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

ஈரத்தோடே "முடிந்தது" என்று நிற்கிறது என்றால் டிரம் வாயில் உள்ள இரண்டு உலோகப் பட்டைகளைப் பாருங்கள். ஈரத்தை உணர்பவை அவை. படலம் படிந்தால் துணி காய்ந்துவிட்டதாக நம்பிவிடும். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

### சூடே இல்லை

காற்றுப் பாதை அடைத்து உள்ளே வெப்பம் மிஞ்சினால், வெப்ப ஃபியூஸ் அறுந்துவிடும். அது ஒரு முறைதான் அறும், மீண்டும் சேராது. மீட்டரில் தொடர்ச்சி காட்டாவிட்டால் மாற்ற வேண்டும். ஆனால் பஞ்சை நீக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் அதையே மாற்றுவீர்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது ஹீட்டர் சுருள்.

### கீச்சொலி, இரைச்சல், சுற்றாத டிரம்

டிரம்மைத் தாங்கும் உருளைகளும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சக்கரமும் தேய்ந்தால் கீச்சிடும். எண்ணெய் விட்டுச் சமாளிக்காதீர்கள். எண்ணெயில் பஞ்சு ஒட்டும். பெல்ட் அறுந்தால் டிரம் கைக்கு இலகுவாகச் சுற்றும். சில மாடல்கள் பெல்ட் இல்லாவிட்டால் கிளம்பவே மறுக்கும்.

### கருகல் வாடை

நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே தேங்கிய பஞ்சு ஹீட்டர் பக்கம் போயிருக்கலாம். முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் திரும்ப ஓட்டக் கூடாது. சமையல் எண்ணெயோ மர எண்ணெயோ ஊறிய துணியைத் துவைத்த பிறகும் டிரையரில் போடாதீர்கள். சூடாகக் குவிந்து கிடக்கும்போது தானாகவே தீப்பற்றக்கூடியது அது. கடைசிக் குளிர்விப்புக் கட்டத்தை நடுவில் நிறுத்தாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். ஓடும் டிரையரை விட்டுவிட்டு வெளியே போகும் பழக்கம் எனக்கு இல்லை.

## மெக்கானிக் "புதுசு வாங்கிவிடுங்கள்" என்கிறார்

எந்தப் பாகம் போயிற்று என்று பெயரைக் கேளுங்கள். பம்பு, பெல்ட், பிரஷ், வால்வு, கதவுப் பூட்டு, ஷாக் அப்சார்பர், ஹீட்டர், டிரையர் உருளை என்றால் மெஷினுக்கு வயது எத்தனை ஆனாலும் மாற்றலாம். இவை தேய்வதற்காகவே இருப்பவை. மின்பலகை என்றால் உடனே புதுப் பலகை வாங்காமல், பலகையைப் பழுது பார்ப்பவரிடம் ஒரு முறை காட்டுங்கள். சில நேரம் ஒரு ரிலேயோ விட்டுப்போன ஈயப் பற்றோதான் குறை.

பேரிங், ஸ்பைடர், ஒட்டிய தொட்டி என்றால்தான் தொடக்கத்தில் போட்ட கணக்கு வேண்டும். துவைப்பு 2,000 முறையைத் தாண்டிவிட்டது, செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தொடுகிறது என்றால் விட்டுவிடுங்கள். பேரிங்கை மாற்றிய கையோடு அடுத்த பாகம் வரிசையில் நிற்கும். ஐந்நூறு முறைகூட ஓடாத மெஷின் என்றால் செலவு உறுத்தினாலும் சரிசெய்வேன். உதிரி பாகம் கிடைக்குமா என்பதும் ஒரு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுக்கு மோட்டார், பம்பு, ஷாக் அப்சார்பர், டிரம், பேரிங் போன்ற பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. எங்கே வாங்கினாலும் கடைக்காரரிடம் கேளுங்கள்: தொட்டி பிரிக்கக்கூடியதா? பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? விற்பவர் விழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பழைய மெஷினை அனுப்பும்போது கதவைக் கழற்றி அனுப்புங்கள், எங்காவது கிடக்கும்போது குழந்தை உள்ளே புகுந்துவிடக் கூடாது. புதியது வந்ததும் பயணத்துக்காக முடுக்கிய அந்தப் போல்ட்டுகளைக் கழற்றி, ஒரு பையில் போட்டு, மெஷினின் பின்முதுகிலேயே டேப்பால் ஒட்டிவையுங்கள். வீடு மாறும்போது தேவைப்படும். நான் பத்திரமாக எடுத்துவைத்த நான்கு போல்ட்டுகளை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.